விடிந்த பிறகு வெடித்த வாணம்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருப்பவர்களுக்கு நம் பண்டிகைகளைப் போலவே மலையாளத்துப் பண்டிகைகளும் மனப்பாடம். ஓணம் எந்த வாரம் வருகிறது, விஷுவுக்கு எத்தனை நாள் இருக்கிறது, நோன்பு எப்போது தொடங்குகிறது என்பதெல்லாம் மண்டியில் கொளுத்தி வைத்த ஊதுபத்தி வாசனை மாதிரி காற்றிலேயே இருக்கும். முருங்கை, தக்காளி, வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய் என்று இங்கே ஏலம் போகிற சரக்கில் பெரும் பங்கு கேரளத்துக்குத்தான் லாரி ஏறுகிறது. அங்கே ஒரு கோயிலில் கொடி ஏறினால் இங்கே மூட்டைக் கணக்கு கூடும்.

அப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். திருச்சூர் லோடு முழுக்க அவர் கையெழுத்தில்தான் போகும். அங்கே சக்தன் மார்க்கெட்டில் காய்க்கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரி அவரைக் "கணக்கு அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு சித்திரையிலும் போனில் அதே அழைப்பு வரும்: "அண்ணாச்சி, இந்த வருஷம் பூரத்துக்குக் கட்டாயம் வரணும்." அப்பா ஒவ்வொரு சித்திரையிலும் சிரித்துக்கொண்டே லோடு விவரத்துக்குப் போய்விடுவார். பூரத்தன்று திருச்சூருக்குப் போக வேண்டியது காய்தான், கணக்குப்பிள்ளை இல்லை என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு.

சக்தன் மார்க்கெட் என்ற பெயரை நான் சின்ன வயதிலிருந்து லாரி ரசீதுகளில் பார்த்து வளர்ந்தேன். அந்தச் சக்தன் யாரென்று பின்னால்தான் தெரிந்தது. 1790 முதல் 1805 வரை கொச்சியை ஆண்ட ராம வர்மா, மக்கள் வாயில் சக்தன் தம்புரான். திருச்சூர் பூரத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். ஆறாட்டுப்புழை பூரத்துக்கு மழையில் தாமதமாகப் போன திருச்சூர்க் கோயில்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியதாகவும், மனம் நொந்து வந்தவர்களைப் பார்த்த ராஜா வடக்குநாதன் கோயிலைச் சுற்றியே அவர்களுக்கென்று ஒரு பூரத்தை ஏற்படுத்திக் கொடுத்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். நேரத்துக்குப் போய்ச் சேராத ஏமாற்றத்தில் பிறந்த திருவிழா. 2024இல் பூரத்து இரவை அங்கே கழித்த பிறகு இந்தக் கதை என் மனத்தில் வேறு மாதிரி பதிந்துவிட்டது.

அப்பாவுக்கு வாணவேடிக்கை என்றால் உயிர். எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பிகளில் சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போடுவார்கள். இரும்புக் குழாயை மண்ணில் நட்டு, மருந்தைக் கிட்டித்து, நீளக் கம்பின் நுனியில் நெருப்பை நீட்டுவார் வாணக்காரர். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அப்பா மட்டும் அவர் பக்கத்திலேயே நின்று, எதற்குப் பின் எது என்று கேட்டுக்கொண்டிருப்பார். கம்பவாணம் சுற்றி முடிந்து, கடைசியாக மேலே போகிற வாணங்களைக் குளத்துக்கரை மேட்டில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார். பச்சைப் பொறி விழுந்தால் அவர் வாயிலிருந்து சத்தம் வராது. தோள் மட்டும் லேசாக எழும். அதை நான் தொடையில் உணர்ந்திருக்கிறேன்.

அறுபது தாண்டியதும் அவருக்குக் காது மங்கத் தொடங்கியது. முதலில் போனில் சரக்கு விவரம் சரியாகக் கேட்கவில்லை, பிறகு ஏலக் கூவல் கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குள் ஓரளவு உதவும். கூட்டத்தில் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் குழைத்து உள்ளே கொட்டுகிறது என்பார். வெளியே போனால் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். 2024இல் விஷு முடிந்த கையோடு திருச்சூர் வியாபாரி மறுபடி அழைத்தபோது போனை எடுத்துப் பேசியது நான். "அப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? கூட்டிட்டு வாங்க, ஆகாசம் முழுக்கக் கண்ணாலே பார்க்கறதுதானே" என்றார் அவர். அந்தச் சொல்லுக்காகவே கிளம்பினோம்.

பூரம் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும் அன்றுதான். வாக்குச்சாவடி திறந்ததும் மையை வைத்துக்கொண்டு, நான், அப்பா, அவர் தங்கையான எங்கள் அத்தை, மூவரும் காரில் ஏறினோம். அத்தை ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறும் வறுத்த வடகமும் எடுத்துக்கொண்டார். பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று காய் லாரிகள் போகிற அதே வழி. ஊர்ப் பெயர் வரவர அப்பா அந்த ஊரில் எந்த டிரைவர் எங்கே டயர் மாற்றினான், எந்தச் செக்போஸ்ட்டில் தக்காளி எத்தனை மணி நேரம் நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தார். காகிதத்தில் மட்டும் பார்த்திருந்த பாதையை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிற மனிதர். நெம்மாறையைத் தாண்டும்போது காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுக்குப் போடுகிற வெடியைப் பற்றி டிரைவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார். அது முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அறுவடை முடிந்த வயல்தான் இருந்தது. இறங்கி நின்று பார்த்துவிட்டு ஏறினார். குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது அத்தை கைகூப்பினார்.

திருச்சூரில் வெயில் கொதித்தது. பகல் நிகழ்ச்சிகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, எழுதியவர்கள் ஏராளம். வடக்குநாதன் கோயிலுக்குள்ளே இலஞ்சித்தறையில் மேளம் உச்சத்துக்கு ஏறியபோது ஆயிரக்கணக்கான கைகள் ஒன்றாகக் காற்றில் எழுந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தோம். அப்பா கைகளைப் பார்த்தே தாளத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். சாயங்காலம் தெற்குக் கோபுரத்துக்கு முன்னால் பூரத்தின் இரண்டு தரப்பான பாறமேக்காவுக் கோயிலின் யானைகள் பதினைந்தும் திருவம்பாடிக் கோயிலின் யானைகள் பதினைந்தும் எதிரெதிரே நிற்க, குடைமாற்றம். ஒரு பக்கம் சிவப்புக் குடை விரிந்தால் மறு பக்கம் பச்சை, அவர்கள் அடுக்குக் குடை எடுத்தால் இவர்கள் அதை மிஞ்சுகிற ஒன்று. காது கேட்காதவருக்குக் குறையே வைக்காத காட்சி அது. "இதுக்கே வந்த காசு சரியாப் போச்சு" என்றார் அப்பா. அத்தை, "இன்னும் ராத்திரிக்கு இருக்குதுண்ணே" என்று சைகையில் வானத்தைக் காட்டினார்.

முக்கியமான வெடிக்கெட்டு, அதாவது வாணவேடிக்கை, விடியற்காலை 3 மணிக்கு. வியாபாரி வீட்டுத் திண்ணையில் சற்றுப் படுத்துவிட்டு நள்ளிரவு தாண்டியதும் தேக்கின்காட்டுப் பக்கம் நடந்தோம். அது 65 ஏக்கர் மைதானம். நடுவே வடக்குநாதன் கோயில், சுற்றிலும் சுவராஜ் ரவுண்டு என்ற வட்டச் சாலை. மைதானத்தில் வெடிக்கிறதை அந்தச் சாலையில் நின்று பார்த்த காலம் ஒன்று இருந்ததாம். இப்போது வெடிக்கும் இடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே நூறு மீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். அதனால் வட்டச் சாலைக்குப் பெரும்பாலும் யாரையும் விடவில்லை. சாலையில் வந்து சேரும் கிளைத் தெருக்கள் ஒவ்வொன்றிலும் தடுப்பு. நாங்கள் ஒரு தெருவின் வாயில் அருகே, ஒரு துணிக்கடைப் படியில் இடம் பிடித்தோம். அப்பாவைப் படியின் மேல்தட்டில் நிற்க வைத்தேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நல்ல அகலமான வானம் தெரிந்தது. நிலாவும் இருந்தது, பௌர்ணமிக்குச் சில நாளே பாக்கி.

கூட்டம் நெருக்கியது. கோழிக்கோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். 3 மணிக்குப் பேச்சு அடங்கியது. எல்லோருடைய போனும் மேலே உயர்ந்தது. அப்பா கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றேகாலுக்குக் கைகள் இறங்கின. மூன்றரைக்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இரவு ஊர்வலத்தை நடுவழியில் நிறுத்திவிட்டார்களாம், எங்கோ தடுப்பு வைத்ததில் தகராறாம், பஞ்சவாத்தியத்தைச் சுருக்கிவிட்டார்களாம், பேச்சுவார்த்தை நடக்கிறதாம். அலங்காரப் பந்தலில் விளக்கையே அணைத்துவிட்டார்கள் என்று ஒருவர் போனில் படத்தைக் காட்டினார். மூலைக்கு மூலை ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அன்று பகல் முழுவதும் அதில் தொலைந்துபோன பிள்ளைகளின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வெடிக்கெட்டு உண்டா, இல்லையா, எத்தனை மணிக்கு என்று ஒரே ஒரு வரி போதும். கைக்குழந்தைக்காரி வீட்டுக்குப் போயிருப்பாள். அத்தை எங்கேயாவது காலை நீட்டியிருப்பார்.

அப்பாவுக்குத்தான் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமாக இருந்தது. கூட்டத்தில் கத்தினாலும் அவருக்கு எட்டவில்லை. போனில் எழுதிக் காட்டினேன்: "தாமதம்." தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் தாமதம்." படியை விட்டு இறங்க மாட்டேன் என்றார். இறங்கினால் இடம் போய்விடும் என்ற கவலை. அத்தை தூக்கைத் திறந்து மிச்சமிருந்த புளிச்சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தார். கோழிக்கோட்டுக் குடும்பத்துக் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு உருண்டை. அப்பா வானத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

ஐந்து மணி வாக்கில் கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. காத்திருந்தவர்களில் பலர் அப்போதுதான் கலைந்தார்கள். போனவர்கள் கோபமாகப் போனார்கள். நின்றவர்கள் பேசாமல் நின்றார்கள். ஆறு மணிக்குக் காக்கைகள் கத்தின. பால்காரரும் பத்திரிகைப் பையனும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சூரியன் ஏறி எதிர்க் கட்டடத்தின் மேல்மாடி மஞ்சளான பிறகு, ஏழு மணியும் தாண்டிய பிறகு, யாரோ "தொடங்கப் போகுது" என்று கத்தினார்கள்.

முதல் குண்டு அதிர்ந்தது. துணிக்கடையின் ஷட்டர் தடதடவென்று ஆடியது. தெருவோர மரத்திலிருந்து இலை உதிர்ந்தது. ஓலைப்படக்கத்தின் சரம் மைதானத்தின் ஓரம் ஓரமாக ஓடி, குழிமின்னலைத் தொட்டு, குண்டுகளுக்குத் தாவி, கடைசியில் எல்லாம் சேர்ந்து வெடிக்கிற கூட்டப்பொரிச்சலில் போய் முடிந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கையை விட்டுக் குலுக்குகிற மாதிரியான சத்தம். அந்தச் சத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வானத்தில் புகைதான் இருந்தது. அமிட்டு என்கிற வாணங்கள் மேலே போய் விரிவது தெரிந்தது. விரிந்த இடத்தில் வெளிறிய சில புள்ளிகள், அடுத்த கணம் வெள்ளைப் புகை. அதன் மேல் இன்னொன்று விரிந்தால் முந்தைய புகை அதை மூடியது. எது சிவப்பு, எது பச்சை என்று எதுவும் தெரியவில்லை. ஸ்ட்ரான்ஷியம் சேர்த்துச் சிவப்பு, பேரியம் சேர்த்துப் பச்சை, தாமிரம் சேர்த்து நீலம் என்று ஒரு அமிட்டுக்குள் நிறத்தை அடுக்க மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அதிலும் நீலம் வரவழைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய வித்தை. சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துவிடும். எதிர்த் தரப்புக்குத் தெரியாமல் மூடி வைத்து, இந்த ஒரு இரவுக்காகச் செய்தது. அத்தனையும் காலை வெயிலில் போய்க் கரைந்தது. பூரத்தின் மறுநாள் பகலிலும் ஒரு வெடிக்கெட்டு உண்டு. அது பகலுக்கென்றே சத்தத்தை நம்பிச் செய்வது. இது இருட்டுக்கென்று செய்தது.

"சத்தம் இருக்குது சாமி, வெளிச்சத்தக் காணமே" என்றார் அத்தை.

அப்பா படியை விட்டு இறங்கி வந்து செருப்பைக் கழற்றினார். வெறுங்காலைத் தார்ச்சாலையில் வைத்து நின்றார். ஒவ்வொரு குண்டுக்கும் அவர் கால்விரல்கள் மடங்கி விரிந்தன. கண் வானத்தில் இல்லை, தரையில் இருந்தது. சத்தத்தைக் காது இழந்த பிறகு வெளிச்சத்தைப் பார்க்க வந்தவர், வெளிச்சமும் கிடைக்காமல், பாதத்தின் வழியே வெடிக்கெட்டை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வெடிக்கெட்டு முடிந்து, இடைவெளி விட்டு, மறு பக்கம் தொடங்குவதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. "போலாம்" என்றார். காரில் ஏறிய பிறகு, "மருந்து நல்ல மருந்து. தரை நல்லா ஆடுச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

அன்றைய இரவில் யார் செய்தது சரி என்பது பற்றிக் கேரளத்தில் பிறகு பெரிய அரசியல் சண்டையே நடந்தது, விசாரணைகளும் வந்தன. அதற்குள் நான் போகவில்லை. பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்கிறவனும் நான் இல்லை. 2016 ஏப்ரல் 10 விடியற்காலையில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் போட்டி வெடிக்கெட்டின்போது சேமித்து வைத்திருந்த மருந்தில் தீப்பிடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அப்பா உட்பட எத்தனை பேர் கொல்லத்து வியாபாரிகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் அறிவேன். நம் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் வருகிற சாவுச் செய்திகளும் தெரிந்தவைதான். நூறு மீட்டர் தள்ளி நில் என்றால் நிற்க வேண்டும். இருநூறு என்றாலும் நிற்கலாம். வாணம் உயரத்தில்தானே விரிகிறது. 2022இல் மழையால் பூரத்து வெடிக்கெட்டு தள்ளித் தள்ளிப் போய்ப் பத்து நாள் கழித்துப் பகலில் முடிந்தபோது யாரும் யாரையும் நோகவில்லை. மழைக்கு நாம் என்ன செய்ய முடியும்?

எனக்கு இருப்பது வேறு ஆதங்கம். தடுப்பு எங்கே, யாரை எதுவரை விடுவது, ஊர்வலம் எந்த வழி என்பதெல்லாம் கொடி ஏறும் முன்பே உட்கார்ந்து பேசி முடிக்கிற காரியங்கள். அதை நள்ளிரவில், சாமி தெருவில் நிற்கும்போது, ஜனங்களுக்கு நடுவே பேசத் தொடங்கினால் இழப்பு முழுவதும் காத்து நிற்கிறவன் தலையில்தான் விழுகிறது. தாமதமாகிவிட்டால், அதை அவனிடம் சொல்லிவிட வேண்டும். திருவிழா நடத்துகிறவர்கள் ஜனங்களைக் கூட்டம் என்று எண்ணுகிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு காரணத்தோடு வந்து நிற்கிறார்கள். எங்கள் தெருவில் நின்றவர்களில் ஒருவர், வாழ்நாள் முழுவதும் அந்த ஊருக்குக் காய் அனுப்பிவிட்டு ஒரு தடவை வானத்தைப் பார்க்க வந்தவர்.

இதைத் திருச்சூருக்கு மட்டும் சொல்லவில்லை. நம் ஊர் நோம்பிகளிலும் வாணவேடிக்கை பத்து மணிக்கென்று நோட்டீஸ் அடித்துவிட்டு, அனுமதி வாங்குவதில் இழுபறியாகி, பாதி ஜனம் தூங்கிய பிறகு போடுவதும், போடாமலே விடுவதும் நடக்கிறது. மைக் செட்டுக்குக் கொடுக்கிற வாடகையில் இரண்டு வரி அறிவிப்புக்கும் இடம் இருக்கிறது. நோம்பிக் கமிட்டியில் இருக்கிற தம்பிமார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

2025இல் பூரம் மே 6ஆம் தேதி வந்தது. வெடிக்கெட்டு மறுநாள் விடியும் முன்பே, இருட்டிலேயே நடந்தது. வியாபாரி வீடியோ எடுத்து அனுப்பினார். அப்பா அதைப் பெரிய டிவியில் போடச் சொல்லிப் பார்த்தார். நீலம் வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி போடச் சொன்னார்.

நம் பக்கத்திலிருந்து வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பூரத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதே மைதானத்தில் மாதிரி வெடிக்கெட்டு நடக்கும். இரண்டு தரப்பும் தங்கள் சரக்கைக் கொஞ்சம் காட்டுவார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் தொடங்குவது வழக்கம், அதற்குள் இருட்டிவிடும், ராத்திரி முழுக்க நிற்க வேண்டியதில்லை. அதற்குப் போங்கள்.